கழுத்து எலும்பு இணைப்பு அறுவைச் சிகிச்சை: எது குணமாகும், எங்கே சிக்கல் வரும்

கழுத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் முதலில் வருகிற பயம், கை கால் விளங்காமல் போய்விடுமோ என்பது. அடுத்து, "வெற்றி எத்தனை சதவீதம் டாக்டர்?" என்ற கேள்வி வரும். அந்தப் பயத்துக்கு ஆறுதலான பதில் உண்டு, கீழே சொல்கிறேன். சதவீதக் கேள்விக்குத்தான் ஒரே எண்ணில் பதில் கிடையாது. அதே ஆபரேஷனைக் கைவலிக்காகச் செய்துகொண்டவருக்குக் கிடைக்கும் பலன் வேறு, நடை தடுமாறியதற்காகச் செய்துகொண்டவருக்குக் கிடைக்கும் பலன் வேறு. வெறும் கழுத்துவலிக்காகச் செய்துகொண்டவரின் நிலை இவை இரண்டிலும் சேராது. "எனக்கு இது எதற்காக?" என்பதில் தெளிவில்லாமல் கையெழுத்துப் போட்டவர்கள்தான் பின்னால் அதிகம் ஏமாற்றம் அடைகிறார்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கழுத்துக்குள் நடப்பது என்ன

கழுத்தில் ஏழு எலும்புகள். மேலிருந்து கீழாக சி1 முதல் சி7 வரை எண்ணுவார்கள். முதல் இரண்டுக்கு நடுவே ஜவ்வு கிடையாது. சி2க்குக் கீழே ஒவ்வொரு இரண்டு எலும்புக்கும் இடையில் ஒரு ஜவ்வு, அதாவது டிஸ்க் இருக்கிறது. எலும்புகளின் பின்பகுதியில் உள்ள குழாயில் தண்டுவடம் இறங்குகிறது. அதிலிருந்து இரு பக்கமும் நரம்பு வேர்கள் கிளம்பித் தோளுக்கும் கைக்கும் போகின்றன.

இரண்டு எலும்பும் நடுவே உள்ள ஜவ்வும் சேர்ந்தது ஒரு மட்டம். அதிகம் தேய்வது சி5–சி6, சி6–சி7 ஆகிய இரண்டு மட்டங்கள். ஸ்கேன் அறிக்கையில் இந்த எண்கள் அடிக்கடி வருவதற்கு அதுவே காரணம். ஜவ்வு பிதுங்கியோ, அதன் ஓரத்தில் எலும்பு முள்போல வளர்ந்தோ அழுத்தும்போது, அந்த அழுத்தம் எங்கே விழுகிறது என்பதுதான் நோயைத் தீர்மானிக்கிறது.

நரம்பு வேரின் மேல் விழுந்தால் வலி தோளிலிருந்து ஒரே கையில் சுண்டி இழுத்துக்கொண்டு விரல்வரை இறங்கும். விரல் மரத்துப்போகும். சில தசைகள் வலு இழக்கும். இந்தக் கைவலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் மருந்திலும் பயிற்சியிலும் தானாகவே தணிந்துவிடும். அதனால்தான் கை பலவீனமடைந்துகொண்டே போனாலொழிய, குறைந்தது ஆறு வாரமாவது பொறுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். முதல் வாரமே ஆபரேஷன் தேதி கொடுக்கப்பட்டால் காரணம் கேட்பதில் தவறே இல்லை.

தண்டுவடத்தின் மேல் விழும் அழுத்தம் வேறு ரகம். இதில் வலியே இல்லாமல் போகலாம். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. சட்டைப் பொத்தான் போட, ஜாக்கெட்டில் ஊக்கு மாட்ட விரல்கள் ஒத்துழைக்காது. சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் சிந்தும். கையெழுத்து மாறும். இருட்டில் நடக்கும்போது கால் தடுமாறும். நம் ஊர் நரம்பியல் மருத்துவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நடக்கும்போது செருப்பு கழன்று போவது உங்களுக்குத் தெரிகிறதா?" கழன்றதே தெரியாமல் பத்தடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறவரின் காலிலிருந்து மூளைக்குப் போகும் உணர்ச்சிச் செய்தி வழியில் எங்கோ தடைபடுகிறது என்று பொருள். இதையெல்லாம் வயதாகிவிட்டது, சர்க்கரையால் நரம்பு தளர்ந்துவிட்டது என்று தள்ளிப்போட்டு, நடக்கவே முடியாத நிலையில் வருகிறவர்கள் நிறையப் பேர். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் பத்தியை வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவைச் சிகிச்சையில் செய்வது

மிகப் பரவலாகச் செய்யப்படுவது கழுத்தின் முன்பக்கமாகச் செய்யும் முறை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ராபர்ட் ராபின்சனும் ஜார்ஜ் ஸ்மித்தும் 1955இல் இதை முதலில் விவரித்தார்கள். 1958இல் ஹவாயைச் சேர்ந்த ரால்ஃப் கிளோவர்டும் தமது முறையை வெளியிட்டார். முதுகெலும்புக்கு முன்பக்கமாகப் போவதா என்று பலருக்குத் திகைப்பாக இருக்கும். கழுத்தின் பின்பக்கம் கனமான தசைகள் இருக்கின்றன; அவற்றைப் பிரித்துக்கொண்டு போனாலும் தண்டுவடம் குறுக்கே நிற்கும். முன்பக்கமாகப் போனால் பெரிய தசை எதையும் அறுக்காமல், தண்டுவடத்தைத் தொடாமல் ஜவ்வை அடைந்துவிடலாம்.

தோலின் மடிப்பையொட்டி ஒரு சிறிய கீறல். ஒரு பக்கம் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனி, மறு பக்கம் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும். இரண்டுக்கும் இடையில் இயற்கையாகவே உள்ள வழியில் புகுந்து, உணவுக்குழாயை ஓரமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, நுண்ணோக்கி வழியாகப் பார்த்தபடி கெட்டுப்போன ஜவ்வை முழுவதும் எடுக்கிறார்கள். நரம்பையோ தண்டுவடத்தையோ அழுத்தும் எலும்பு முள்ளையும் செதுக்கி எடுக்கிறார்கள். காலியான இடத்தில் எலும்புத் துண்டையோ, எலும்புத் துகள் நிரப்பிய 'கேஜ்' என்ற கூண்டையோ வைத்து, மேல் கீழ் எலும்புகளை டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும் கொண்டு பிணைக்கிறார்கள்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். எலும்புகளை நிரந்தரமாக இணைப்பது அந்த பிளேட் என்று பலர் நினைக்கிறார்கள். தளம் போடும்போது கான்கிரீட் இறுகும்வரை தாங்கி நிற்கிற சென்ட்ரிங் பலகையின் வேலைதான் பிளேட்டுக்கு. உண்மையான இணைப்பு என்பது மேல் எலும்பும் கீழ் எலும்பும் வைத்த துண்டின் வழியாக வளர்ந்து ஒன்றாவது. அதைச் செய்வது உங்கள் உடல். அதற்கு மூன்று முதல் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்வரை ஆகும். ஆபரேஷன் முடிந்து இரண்டே நாளில் வீடு திரும்பினாலும், இணைப்பு என்கிற வேலை அப்போதுதான் தொடங்கியிருக்கும்.

பலன் யாருக்கு, எவ்வளவு

கைவலிக்காகச் செய்துகொள்பவர்களுக்கு இது மிகவும் நல்ல சிகிச்சை. சரியான ஆளைத் தேர்ந்தெடுத்துச் செய்தால் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்குக் கைவலி நன்றாகக் குறைந்துவிடுகிறது. பலருக்கு மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போதே அந்தச் சுண்டி இழுக்கும் வலி போயிருக்கும். ஆனால் வலி, பலம், உணர்ச்சி ஆகிய மூன்றும் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. வலி முதலில் போகும். பலம் மாதக்கணக்கில் மெல்ல வரும். மரத்துப்போன விரல் கடைசியில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம்.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம், அமெரிக்கக் கால்பந்து வீரர் பெய்டன் மேனிங். பந்தை எறிவதே வேலையாகக் கொண்ட குவார்ட்டர்பேக் அவர். கழுத்து நரம்புக் கோளாறால் எறியும் கையின் வலு குறைந்து, 2011 செப்டம்பரில் ஒரு மட்டத்தில் எலும்பு இணைப்பு செய்துகொண்டார். அந்தப் பருவம் முழுவதும் ஆடவில்லை. இண்டியானாபொலிஸ் அணி அவரை விடுவித்துவிட, 2012இல் டென்வர் அணியில் சேர்ந்தார். 2013 பருவத்தில், அணிக்குப் புள்ளி தேடித் தரும் 'டச்டவுன்' எறிதல்களை 55 முறை செய்து சாதனை படைத்தார். 2016 பிப்ரவரியில் அவரது அணி அந்த விளையாட்டின் உச்சக் கோப்பையான சூப்பர் பௌலை வென்றது. இவ்வளவுக்கும் பிறகு அவரே சொன்னார்: எறியும் கையின் விரல் நுனிகளில் உணர்ச்சி திரும்பவே இல்லை என்று. கையுறை மாட்டிக்கொண்டு ஆடினார். இந்த ஆபரேஷனை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? பலம் வந்தது, தொழில் மீண்டது, உணர்ச்சி வரவில்லை. கழுத்து ஆபரேஷனின் பலனை இப்படித் தனித்தனியாகப் பிரித்துத்தான் கேட்க வேண்டும். நரம்பு எவ்வளவு காலம் நசுங்கிக் கிடந்தது என்பதும் இதில் பெரிய பங்கு வகிக்கிறது.

தண்டுவட அழுத்தத்துக்காகச் செய்யும்போது நோக்கமே வேறு. முதல் இலக்கு, நிலைமை இதற்கு மேல் மோசமாகாமல் நிறுத்துவது. கை இயக்கமும் நடையும் பலருக்கு மேம்படவும் செய்கின்றன. அந்த மேம்பாட்டில் பெரும்பகுதி முதல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் தெரிந்துவிடும். ஆனால் தண்டுவடத்தில் நிலையான சேதம் ஆகியிருந்தால் அழுத்தத்தை எடுப்பதால் மட்டும் அது மீளாது. 2017இல் வெளியான சர்வதேச வழிகாட்டு நெறிகள், பாதிப்பு நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால் அறுவைச் சிகிச்சையையே பரிந்துரைக்கின்றன. லேசாக இருந்தால் அறுவைச் சிகிச்சை, அல்லது மருத்துவரின் கண்காணிப்பில் முறையான பயிற்சி என்று இரண்டு வழியையும் திறந்து வைக்கின்றன. இந்த வகை நோயாளியிடம் வீட்டார் "முன்பு போல ஓடுவாரா?" என்று எதிர்பார்த்துக் காத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கைத்தடியோடு நடந்தவர் ஒரு வருடம் கழித்தும் அதே கைத்தடியோடு நடக்கிறார் என்றால், பல சமயம் அதுவே சிகிச்சை தன் வேலையைச் செய்திருக்கிறது என்பதற்குச் சாட்சி.

கையிலும் காலிலும் எதுவும் இல்லாமல், கழுத்து மட்டும் வலிக்கிறது என்பவர்களுக்கு? நாற்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்கேன் எடுத்தால் ஏதோ ஒரு தேய்மானம், ஏதோ ஒரு பிதுக்கம் தெரியும். வலியே இல்லாதவர்களுக்கும் தெரியும். அந்தப் படத்தை மட்டும் வைத்து, வலிக்குக் காரணம் இந்த ஜவ்வுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் பலனும் நிச்சயமில்லை. எலும்பு முறிவு, கட்டி, நோய்த்தொற்று, எலும்பு விலகல் போன்ற தெளிவான காரணம் இல்லாத வெறும் கழுத்துவலிக்கு இணைப்பு ஆபரேஷன் சொல்லப்பட்டால், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கழுத்தைத் திருப்பவே முடியாமல் போகுமோ என்ற கவலையும் பலருக்கு உண்டு. கழுத்து இடம் வலமாகத் திரும்பும் அளவில் ஏறத்தாழப் பாதி, உச்சியில் உள்ள சி1–சி2 மூட்டிலிருந்து வருகிறது. கீழே ஒரு மட்டத்தை இணைத்தால் இழப்பு பலருக்குத் தெரிவதே இல்லை. மூன்று, நான்கு மட்டங்களை இணைத்தால் நிச்சயம் தெரியும்.

முதல் நாள்: கவனம் மூச்சின் மேல்

இனி சிக்கல்கள். முதலில் அந்தப் பெரிய பயம். 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, முன்பக்க முறையில் சிகிச்சை பெற்ற 1,015 பேரின் பதிவுகளைப் பார்த்தது. ஏற்கெனவே இருந்த தண்டுவடப் பாதிப்பு ஆபரேஷனுக்குப் பின் மோசமானது 0.2 சதவீதம் பேருக்கு. உயிரிழப்பு 0.1 சதவீதம். கை கால் விளங்காமல் போவது நடக்கவே நடக்காத ஒன்று என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மக்கள் மனத்தில் இருக்கும் அளவுக்கு அது பெரியதில்லை. தண்டுவடம் ஏற்கெனவே நசுங்கியிருப்பவருக்கு, ஆபரேஷனைத் தவிர்ப்பதிலும் ஆபத்து இருக்கிறது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

யாரும் எதிர்பார்க்காத, ஆனால் உடனே கவனிக்க வேண்டிய சிக்கல் ரத்தக்கட்டு. கழுத்துக்குள் ரத்தம் தேங்கி மூச்சுக்குழாயை நெரிப்பது. அதே ஆய்வில் 5.6 சதவீதம் பேருக்கு ரத்தக்கட்டு ஏற்பட்டது. அதில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே அதை அகற்ற மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது. பெரும்பாலும் இது முதல் சில மணி நேரங்களில், முதல் நாளுக்குள் நடக்கிறது. பக்கத்தில் இருப்பவர் கவனிக்க வேண்டியவை: கழுத்து உப்பி இறுக்கமாவது, குரல் திடீரென மாறுவது, படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்காரத் தவிப்பது, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிடுவது. இவற்றில் எது தெரிந்தாலும் "டாக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும்" என்று காத்திருக்கக் கூடாது. அந்த நொடியே செவிலியரைக் கூப்பிட வேண்டும். நேரம் தவறினால் உயிருக்கே ஆபத்து; நேரத்தில் தையலைத் திறந்து ரத்தத்தை வெளியேற்றினால் மனிதர் பிழைத்துக்கொள்வார். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்வது இதனால்தான் முக்கியம். இதய மருத்துவர் எழுதிய மாத்திரையை எலும்பு மருத்துவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

விழுங்குவதும் பேசுவதும்

முன்பக்க முறையில் மிக அதிகமானோர் படும் தொல்லை விழுங்குவதில்தான். உணவுக்குழாயை ஓரமாக இழுத்துப் பிடித்ததால் வரும் வீக்கமே முக்கியக் காரணம். இதில் புள்ளிவிவரங்களைப் படிப்பது எப்படி என்பதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. மேலே சொன்ன 1,015 பேர் ஆய்வில் விழுங்கும் தொல்லை 9.5 சதவீதம். 2002இல் வெளியான இன்னொரு ஆய்வு, 249 பேரைத் தொலைபேசியில் அழைத்து நேரடியாகவே கேட்டது. ஒரு மாதத்தில் 50.2 சதவீதம் பேர் "ஆம், கஷ்டமாக இருக்கிறது" என்றார்கள். இரண்டாம் மாதம் அது 32.2 ஆகவும், ஆறாம் மாதம் 17.8 ஆகவும், ஒரு வருட முடிவில் 12.5 ஆகவும் குறைந்தது. மருத்துவக் குறிப்பில் எழுதப்படுவது ஒரு கணக்கு, நோயாளியைக் கேட்டால் வருவது இன்னொரு கணக்கு. உங்கள் மருத்துவர் "அதெல்லாம் அபூர்வம்" என்று சொன்னாலும், முதல் மாதம் இரண்டில் ஒருவருக்கு இது வரக்கூடியதே என்று தெரிந்து வைத்திருந்தால் பதற மாட்டீர்கள்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? தண்ணீர் இறங்கும், சப்பாத்தி இறங்காது. பெரிய மாத்திரை தொண்டையில் நிற்கும். குழைந்த ரசம் சாதம், கஞ்சி, இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துச் சிறு சிறு வாயாகச் சாப்பிடுவது, நிமிர்ந்து உட்கார்ந்து நிதானமாக விழுங்குவது ஆகியவற்றால் பெரும்பாலோர் சமாளித்துவிடுகிறார்கள். மட்டங்கள் கூடக்கூட இந்தத் தொல்லையும் கூடும். ஒவ்வொரு மடக்கு தண்ணீருக்கும் புரையேறினாலோ, எடை குறைந்துகொண்டே போனாலோ சொல்லியாக வேண்டும்.

குரல் கரகரப்பதும் உண்டு. மயக்கத்துக்காகத் தொண்டையில் வைத்த குழாயால் வருவது சில நாட்களில் போய்விடும். குரல் நாணை இயக்கும் நரம்பு இழுபடுவதால் வருவது நீடிக்கும். அந்த 1,015 பேர் ஆய்வில் இது 3.1 சதவீதம். பெரும்பாலும் சில மாதங்களில் மீள்கிறது. ஆசிரியர், பாடகர், வியாபாரி என்று குரலால் பிழைப்பவர்கள் இதை ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

உணவுக்குழாயில் ஓட்டை விழுவது மிக அபூர்வம், அதே ஆய்வில் 0.3 சதவீதம். ஆனால் முன்பக்கச் சிக்கல்களில் மிகக் கொடியது அதுவே. காய்ச்சல், விழுங்கினால் கடும் வலி, கழுத்து வீக்கம், தோலைத் தொட்டால் உள்ளே காற்று நெறுநெறுப்பது ஆகியவை அறிகுறிகள். தளர்ந்த ஸ்க்ரூ உரசி ஆண்டுகள் கழித்துக்கூட இது வந்ததுண்டு.

தோள் தூக்க முடியாமல் போனால்

ஆபரேஷன் நன்றாக முடிந்து, நோயாளி நடமாடத் தொடங்கி, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ திடீரென்று ஒரு கையைத் தோளுக்கு மேல் தூக்கித் தலை சீவ முடியவில்லை என்பார். இது சி5 நரம்பின் பலவீனம். தண்டுவட அழுத்தத்துக்காகச் செய்யும் சிகிச்சைகளில், முன்பக்கமானாலும் பின்பக்கமானாலும், ஏறத்தாழ நூறில் ஐந்து பேருக்கு வருகிறது. அழுத்தம் நீங்கியதும் தண்டுவடம் இடம் நகர்ந்து இந்தக் குட்டையான நரம்பை இழுக்கிறது என்பது ஒரு விளக்கம். முழுக் காரணமும் இன்னும் தீர்மானமாகவில்லை. மருத்துவர் தவறு செய்துவிட்டார் என்று குடும்பமே கொதிக்கும் தருணம் இது. உடனே தெரிவித்து, ரத்தக்கட்டு போன்ற வேறு காரணம் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்வது அவசியம். பிறகு வேண்டியது பயிற்சியும் பொறுமையும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் கை தூக்க வந்துவிடும்.

தண்டுவட உறை கிழிந்து நீர் கசிவது, ஒரு கண்ணிமை தொங்கிக் கண்மணி சுருங்குவது, முதுகெலும்புத் தமனி காயப்படுவது ஆகியவையும் பட்டியலில் உண்டு. எல்லாமே அபூர்வம்.

பல மட்டங்கள் பாதிக்கப்பட்டிருந்தால் பின்பக்கமாகவும் செய்வார்கள். தண்டுவடத்தின் முன்னால் உள்ள தசைநார் எலும்பாக இறுகிப்போகும் நோய் ஜப்பானிலும் கிழக்காசியாவிலும் அதிகம். அதற்காகவே ஜப்பானிய மருத்துவர்கள் 1970களில், எலும்புகளை இணைக்காமல், தண்டுவடம் இறங்கும் குழாயின் பின்பக்கக் கூரையைக் கதவுபோலத் திறந்து வைக்கும் முறையை வளர்த்தெடுத்தார்கள். பின்பக்க முறைகளில் விழுங்கும் தொல்லை குறைவு. தையல் இடத்தில் தொற்றும் தசைவலியும் அதிகம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குத் தொற்று பெரிய கவலை.

எலும்பு சேராமல் போவது

ஒரு மட்டம் மட்டும் என்றால் இன்றைய பிளேட் முறையில் பெரும்பாலோருக்கு எலும்பு சேர்ந்துவிடுகிறது. மட்டங்கள் இரண்டு, மூன்று என்று ஏறும்போது சேராமல் போகும் வாய்ப்பும் ஏறுகிறது. இதில் நோயாளியின் கையில் இருக்கும் மிகப் பெரிய காரணம் புகை. பீடி, சிகரெட் எலும்புக்குப் போகும் ரத்தத்தையும் எலும்பு வளர்வதையும் கெடுக்கின்றன. ஆபரேஷனுக்குச் சில வாரங்கள் முன்பே நிறுத்தி, எலும்பு சேரும்வரை தொடாமல் இருக்க வேண்டும். எலும்பு அடர்த்தி குறையும் நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ளவர்களும் நீண்ட காலம் ஸ்டீராய்டு எடுப்பவர்களும் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். வலி மாத்திரைகளில் சில எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால், கடையில் நீங்களாகவே வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எலும்பு சேரவில்லை என்றால் எல்லோருக்கும் வலி வந்துவிடாது. எக்ஸ்ரேயில் சேராமல் இருந்தும் சுகமாக இருப்பவர்கள் உண்டு. எக்ஸ்ரேயில் அருமையாகச் சேர்ந்தும் வலியோடு இருப்பவர்களும் உண்டு. படம் அழகாக இருப்பதும் மனிதர் நலமாக இருப்பதும் ஒன்றில்லை என்பதால், எக்ஸ்ரேவை மட்டும் காட்டி "சக்சஸ்" என்று சொல்லப்படும்போது உங்கள் குறையை வெட்கப்படாமல் எடுத்துச் சொல்லுங்கள். வலி தொடர்ந்தால் சி.டி. ஸ்கேனும், குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரேக்களும் உண்மையைக் காட்டும். மறு சிகிச்சை தேவைப்பட்டால் பின்பக்கமாகச் செய்வது ஒரு வழி.

எலும்பைச் சீக்கிரம் வளரவைக்கும் புரதம் ஒன்றை முன்கழுத்தில் வைத்துப் பார்த்த காலமும் இருந்தது. அதனால் கழுத்து வீங்கி மூச்சு அடைத்த சம்பவங்கள் வந்ததால், அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008 ஜூலையில் பகிரங்க எச்சரிக்கை விடுத்தது. வேகமாகச் சேரும் என்பதற்காகவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

சலூனில் முடி வெட்டியதும் தலையைப் பிடித்துத் திருப்பிச் சொடக்கு எடுப்பார்களே, கழுத்து ஆபரேஷன் ஆனவர் அதற்கு இனி எக்காலத்திலும் தலை கொடுக்கக் கூடாது. ஆகாதவர்களுக்கும் அது நல்லதில்லை.

ஆண்டுகள் கழித்து: பக்கத்து மட்டம்

இணைத்த மட்டம் அசையாது. அந்த அசைவின் சுமை மேலும் கீழும் உள்ள ஜவ்வுகளின் மேல் விழுகிறது. 1999இல் வெளியான, 374 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு இதைக் கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 2.9 சதவீதம் பேருக்குப் பக்கத்து மட்டத்தில் புதிய தொல்லை தோன்றியது. பத்து ஆண்டுகளில் நாலில் ஒருவருக்கு வரலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. அப்படி வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது.

இதற்கு இணைப்புதான் காரணமா, அல்லது தேயும் தன்மையுள்ள கழுத்து எப்படியும் தேய்ந்திருக்குமா என்பதில் வாதம் நடந்துகொண்டே இருக்கிறது. அதே ஆய்வில் பல மட்டங்களை இணைத்தவர்களுக்குப் புதிய தொல்லை குறைவாகவே வந்தது. ஏற்கெனவே எளிதில் தேயும் மட்டங்கள் இணைப்புக்குள் அடங்கிவிட்டது காரணமாக இருக்கலாம். ஆகவே இயற்கையான தேய்வுக்கும் பெரிய பங்கு இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அசைவைக் காப்பாற்றும் நோக்கத்தில் செயற்கை ஜவ்வுகள் வந்தன. 2007 ஜூலையில் கழுத்துக்கான முதல் செயற்கை ஜவ்வுக்கு எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. ஓரிரு மட்டத்தில், கழுத்தின் சிறு மூட்டுகள் அதிகம் தேயாதவர்களுக்கு அது நல்ல மாற்று. எலும்பு மிகவும் பலவீனமானவர்களுக்கும் கழுத்து எலும்புகள் விலகியவர்களுக்கும் அது பொருந்தாது.

டைட்டானியம் பிளேட் போட்டவர் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்ளலாம். பிளேட்டைப் பின்னால் கழற்ற வேண்டிய தேவையும் பொதுவாக வராது. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாள்களைப் பத்திரமாக வையுங்கள்: ஆபரேஷன் குறிப்பு, பொருத்திய பொருளின் ஸ்டிக்கர், பழைய ஸ்கேன் சி.டி. பத்து வருடம் கழித்துப் பக்கத்து மட்டத்துக்கு முன்பக்கமாக மறுபடி போக வேண்டி வந்தால், முதல் கீறல் எந்தப் பக்கம் என்பதை மருத்துவர் பார்ப்பார். தழும்பைத் தவிர்க்க எதிர்ப்பக்கமாகப் போக நினைத்தால், முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பிக் குரல் நாண்களைப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். குரல் நன்றாக இருந்தும் ஒரு பக்க நாண் சத்தமில்லாமல் செயலிழந்திருப்பது உண்டு. அது தெரியாமல் மறு பக்க நரம்பும் பாதிக்கப்பட்டால் மூச்சுக்கே இடைஞ்சலாகிவிடும். அந்தப் பரிசோதனையை யாரும் சொல்லாவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள்.